மண்டியிட்ட ராஜாவும் என் பையில் கிடந்த தந்தியும்

இந்த வருடம் ஆங்கில ஆசிரியர்களாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. வகுப்பில் நீங்கள் செய்யப்போகும் தப்புகளையெல்லாம் நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன். எட்டாம் வகுப்புக் கேள்வித்தாளைப் பத்தாம் வகுப்புக்குக் கொடுத்து, "இந்தத் தடவை ரொம்ப ஈஸி சார்" என்று நன்றி வாங்கியிருக்கிறேன். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இன்ஸ்பெக்டர் என்று தெரியாமல் அவரையே எழுப்பிக் கேள்வி கேட்டிருக்கிறேன். அதிலெல்லாம் யாருக்கும் பெரிய சேதமில்லை. சேதம் வந்தது வகுப்புக்கு வெளியே, நான் மிக நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்த நேரத்தில். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. கும்பகோணத்திலிருந்து ஓசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தேன். இன்று நீங்கள் பார்க்கும் கம்பெனிகள், ஷிப்டு பஸ்கள் எதுவும் அப்போது இல்லை. குளிர் மட்டும் தாராளமாக இருந்தது. ஆசிரியர் அறையில் ஒருவர் தெலுங்கில் ஜோக் அடிப்பார். இன்னொருவர் கன்னடத்தில் பதில் கொடுப்பார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, யாராவது இரக்கப்பட்டு எனக்குத் தமிழில் விளக்குவார்கள். நான் மட்டும் கடைசியில் தனியாகச் சிரிப்பேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். ஆண்டு விழாவில் மாணவர்களின் நிகழ்ச்சிகளோடு, ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாடகம் போட வேண்டும். ஊரே அதைப் பார்க்கத்தான் வரும். தினம் பிரம்பு எடுக்கும் வாத்தியார் புடவை கட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பார்க்கப் பிடிக்காது? அந்த வருடம் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சும்மா இருக்கவில்லை. கல்லூரியில் உருகி உருகிப் படித்திருந்த ஆங்கிலச் சோக நாடகம் ஒன்றைத் தமிழாக்கினேன். அண்ணனைக் கொன்று அரியணை ஏறிய ஒரு ராஜா. அப்பாவை இழந்த துக்கத்தில் பைத்தியம் போலத் திரியும் இளவரசன். அவனுடைய பைத்தியம் நிஜமா நடிப்பா என்று அரண்மனையில் ஒருவருக்கும் தெரியாது. நான்கு மணிநேர நாடகத்தை முக்கால் மணிநேரமாக வெட்டினேன். அதை எழுதியவர் மேலுலகில் இன்னும் என்னைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்.

இளவரசன் வேடம் கணக்கு வாத்தியார் முனிரத்தினத்துக்கு. அவருக்கு மனப்பாடம் வரும் என்ற ஒரே தகுதிதான். ஆனால் மனிதர் பைத்தியக்கார வசனத்தையும் வடிவியல் தேற்றம் போல நிறுத்தி நிதானமாகச் சொல்லி, கடைசியில் "ஆகவே" என்று வேறு சேர்த்துக்கொள்வார். ராணி வேடம் போட்ட டிரில் மாஸ்டர், மீசையை விழாவன்று காலையில்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

ராஜா வேடம் சவரிமுத்து சாருக்கு. அவர் நெசவு ஆசிரியர். அந்தக் காலத்தில் நெசவும் ஒரு பாடம். பள்ளிக்கென்று ஒரு தறிக்கூடம் உண்டு. கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்குச் சொந்த ஊர், கத்தோலிக்கக் குடும்பம். முப்பது வயதைத் தாண்டியும் கல்யாணமாகவில்லை. ஓசூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வேலையும் தற்காலிக வேலைதான், வருடா வருடம் நீட்டிப்பு வர வேண்டும். ஒரு மாணவனையும் கைநீட்டி அடிக்காத மனிதர். அப்படிப்பட்டவரைக் கொலைகார ராஜாவாக்க நான் ஒரு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

நாடகத்தில் முக்கியமான ஒரு கட்டம் உண்டு. ராஜா தனியாக மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யப் பார்ப்பான். செய்த பாவம் குறுக்கே நிற்கும், பிரார்த்தனை வராது. அந்தக் கட்டத்தை சவரிமுத்து சார் ஞாயிறு பூசைக்குப் போனவர் மாதிரி சாந்தமாகச் செய்துகொண்டிருந்தார். நான் விரட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"சார், நாளைக்கு ஊருக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கறேன்."

"நாளைக்கு முழு ஒத்திகை சார். விழா முடியட்டுமே, இன்னும் ரெண்டு வாரம்தானே?"

"சரிங்க சார்" என்று போய்விட்டார். எதற்காகப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சவரிமுத்து சார் கண்ணை மூடி மண்டியிட்டிருந்தார். அன்றுதான் முதன்முதலாகக் கட்டம் கொஞ்சம் சூடு பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் தந்திச் சேவகர் வந்து நின்றார். சேலத்தில் ஒரு நாடக உடைக் கடைக்கு நான் கிரீடமும் அங்கியும் கேட்டு எழுதியிருந்தேன். தந்தியில் பதில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனவே தந்தி என்றால் எனக்குத்தான், எனக்கென்றால் கிரீடம்தான். சத்தம் போடாதே என்று விரலைக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கி, பெயரைக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று ஊரெல்லாம் பயந்த காலம் அது. நாடகம் போடுகிறவனுக்குத்தான் தந்தி என்றால் கிரீடம் ஞாபகத்துக்கு வரும்.

ஒத்திகை முடியும்போது மணி ஐந்தே கால். பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் சவரிமுத்து சார் பெயர். அவரிடம் நீட்டி, "உங்களுக்கு வந்திருக்கு" என்றேன். எப்போது வந்தது என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அவர் படித்தார். மடித்தார். "என்ன சார் விசேஷம்?" என்றேன். "ஒண்ணுமில்ல சார், ஊர்ல கூப்பிடறாங்க" என்றார். நானும் பெரிய பாரம் இறங்கினவன் போல வீட்டுக்குப் போனேன்.

மறுநாளிலிருந்து சவரிமுத்து சார் நடித்தார் பாருங்கள்! மண்டியிட்டால் எழுந்திருக்கவே மாட்டார். கைகள் தானாகப் பிசைந்துகொள்ளும். வசனத்தில் பாதிதான் வெளியே வரும். அந்தப் பாதியைக் கேட்டே டிரில் மாஸ்டர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துள்ளிக் குதித்தேன். "இன்னொரு தடவை சார், இன்னொரு தடவை" என்று ஒரே நாளில் நான்கு முறை மண்டியிட வைத்தேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

பள்ளிக்கு வெளியேயும் அவர் ராஜாவாகவே திரிந்தார். தனியாகப் பேசிக்கொண்டு நடப்பார். ஒரு காலில் ஒரு செருப்பு, இன்னொரு காலில் வேறு செருப்பு. டீக்கடையில் வாங்கிய டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் என்னிடம், "உங்க ராஜா நல்லா நடிச்சுப் பழகறாரு சார். நேத்து என்னோட கல்லாவப் பாத்து அழுதுக்கினு நின்னாரு" என்றார். நான் பெருமையோடு தலையாட்டினேன்.

ஹெட்மாஸ்டர் ஒருவர்தான் சந்தேகப்பட்டார். தறிக்கூடத்தில் ஒரு பீரியட் முழுக்க சவரிமுத்து சார் ஒரு வார்த்தையும் பேசாமல் சுவரைப் பார்த்து நின்றதாக அவருக்குத் தகவல் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"என்ன சார், அவருக்குப் புத்தி சரியாத்தான் இருக்குதா?"

"நடிப்பு சார். வேஷத்துக்குள்ளேயே வாழறார்."

"நடிப்புன்னா சரி. விழா முடிஞ்ச மறுநாளும் இப்படியே இருந்தார்னா, பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு மேல எழுதிடுவேன். பிள்ளைங்க படிக்கிற இடம்."

தற்காலிக ஆசிரியரைப் பற்றி அப்படி ஒரு கடிதம் போனால் நீட்டிப்பு வராது. ஊரில் பைத்தியம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அதோடு விடாமல் இன்னொரு காரியமும் செய்தேன். முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, "உமக்குப் பைத்தியம் நடிக்க வரவில்லை. பேசாமல் சவரிமுத்து சார் பின்னால் போய், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளும்" என்றேன்.

கணக்கு வாத்தியாரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி, கோடு போட்டு, தேதி வாரியாக எழுதினார்.

விழா நாள் வந்தது. மூன்று மணிக்கு நாடகம். மாவட்டக் கல்வி அதிகாரி தலைமை தாங்க வேண்டும். சானமாவு காட்டுப் பக்கம் ரோட்டில் யானைகள் இறங்கி நிற்கின்றன, ஜீப் வரத் தாமதமாகும் என்று செய்தி வந்தது. கூட்டம் கடலை கொறித்துக்கொண்டு காத்திருந்தது. நான் திரைக்குப் பின்னால் டிரில் மாஸ்டருக்குக் கொண்டை வைத்துக்கொண்டிருந்தேன். இளவரசன் உடையில், கையில் நோட்டோடு முனிரத்தினம் வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். நம்ம நாடகத்துல ராஜாவுக்கு அக்கா இருக்குதா?"

"அண்ணன்தான் உண்டு, அவனைத்தானே கொன்றான். ஏன்?"

"இவரு அக்காகிட்டல்ல பேசினு இருக்காரு? 'அக்கா, இந்த வாரம் வந்துர்றேன், கோச்சுக்காத'ன்னு. தறிக்கூடத்துல யாருமே இல்லாதப்ப. நான் ஜன்னல்கிட்ட ஒளிஞ்சு நின்னுதான் கேட்டேன்." நோட்டைப் புரட்டினார். "அப்புறம் தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போறாரு. கெலமங்கலம் பஸ்ஸுல எடம் இருக்குதான்னு கண்டக்டரைக் கேக்கறாரு. இருக்குதுன்னு சொன்னா, 'அப்ப சரி, நாளைக்கு'ன்னு திரும்பிடறாரு. ஒரு நாள் விடாம, அதே மாதிரி. நடிப்புன்னா ஒரு நாளாச்சும் தப்பு வரணும் சார். இது தப்பே வரல."

கொண்டை ஊசி என் கையிலேயே நின்றுவிட்டது. அந்தத் தந்தி வந்த திங்கட்கிழமை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தறிக்கூடத்துக்கு ஓடினேன். கிரீடமும் ஒட்டுமீசையுமாக சவரிமுத்து சார் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "அக்கா எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க சார். நான் வரலேன்னுதான் வருத்தம்."

"அன்னைக்கு வந்த தந்தியைக் கொஞ்சம் காட்டுங்க."

ராஜா அங்கிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். மடிப்பெல்லாம் பஞ்சாகியிருந்தது. அக்கா காலமானார், உடனே புறப்பட்டு வரவும். அவ்வளவுதான் இருந்தது. அம்மா இல்லாத அவரைத் தூக்கி வளர்த்த அக்கா அவர் என்பதும், சீக்கில் படுத்திருந்தார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை அவர் போக நினைத்தது அக்காவைப் பார்க்கத்தான்.

அந்த நேரத்தில் ஹெட்மாஸ்டர் வேகமாக வந்தார். வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கல் நெஞ்சுக்காரரல்ல, முகம் வாடிவிட்டது. ஆனாலும் வெளியே கூட்டம், வாசலில் அதிகாரி.

"ஒரு மணி நேரம்தானே சார்? நாடகம் முடிஞ்சதும் நானே வண்டி வெச்சு அனுப்பறேன்."

எனக்கும் ஒரு கணம் அது நியாயமாகத்தான் பட்டது. பதினோரு நாள் போய்விட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? அதுவும் மூன்று மாத உழைப்பு. ஆனால் சவரிமுத்து சார் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, மேடைக்குப் போக எழுந்து நின்றுகொண்டிருந்தார். சொன்னால் போதும், இன்னொரு தடவையும் மண்டியிட்டிருப்பார். என்னால் அதைப் பார்க்க முடியாது என்று தோன்றியது.

"நாங்கள் நாலு மணி பஸ்ஸில் போகிறோம் சார்" என்றேன்.

"ராஜா இல்லாம என்னய்யா நாடகம்? போனா உம்மையும் சேர்த்து மேல எழுதுவேன்!"

"எழுதுங்கள் சார்."

வீரமாகச் சொல்லிவிட்டேன். அவருடைய கிரீடத்தையும் அங்கியையும் கழற்றித் தறி மேல் வைத்தேன். மீசையை மறந்துவிட்டேன். அந்த பஸ்ஸிலும் அதே கண்டக்டர்தான்; எங்களைப் பார்த்ததும், "அட, இன்னிக்கு ஏறிட்டாரே!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

நாடகம் என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் மனசு அங்கேயே நிற்கும். காலி நாற்காலியில் கிரீடத்தை வைத்துவிட்டு ஆரம்பித்திருக்கிறார்கள். முனிரத்தினம் அந்த நாற்காலியோடு பேசினாராம், சண்டை போட்டாராம், கெஞ்சினாராம். ஓரிடத்திலும் "ஆகவே" வரவில்லையாம். ராஜாவே இல்லாத அரியணை, என்ன ஒரு புதுமையான கற்பனை என்று அதிகாரி ஐந்து நிமிடம் பாராட்டிப் பேசினாராம். டிரில் மாஸ்டரின் மீசை மட்டும் பாதிதான் எடுபட்டிருந்ததாம்.

கெலமங்கலத்தில் இறங்கி இரண்டு மைல் நடந்தோம். சவரிமுத்து சார் வழியெல்லாம் மழை பற்றியும் ராகி விளைச்சல் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் அக்கா வீட்டுக்காரர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"வாடா சவரி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அக்கா வீட்டுக்காரருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"அன்னிக்கு அஞ்சு மணி பஸ்ஸுக்கு நீ வருவேன்னு ஆள அனுப்பி கெலமங்கலத்துல நிக்க வெச்சேன்டா. சர்ச்சு சாமியாரு நேரமாவுது, நேரமாவுதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. தம்பி வருவான், மொகத்தப் பாக்கட்டும்னு பொட்டிய மூட விடல நானு. பஸ்ஸு வந்துச்சி. நீ வரல. இருட்டறதுக்குள்ள எடுத்துட்டோம்."

"தப்பு என்னுதுதான் மாமா" என்றார் சவரிமுத்து சார். குரலில் ஒன்றுமே இல்லை. "நாடகம் நாடகம்னு கெடந்துட்டேன்."

மூன்றேகாலுக்கு வந்த தந்தி. ஐந்து மணிக்குப் பஸ். நடந்தே போயிருந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்குக் கால் மணி நேரம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கு சாகும்வரை எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அப்படியே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் பங்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஒருவர் என் பக்கத்தில் நிற்கிறார். அதைச் சுமந்து சுமந்துதான் அவர் இப்படி ஆகியிருக்கிறார்.

"தந்தி மூணேகாலுக்கே வந்துவிட்டது சார்" என்றேன். "நீங்கள் கண்ணை மூடி மண்டியிட்டிருந்தீர்கள். எனக்கு வந்தது என்று நினைத்து நான்தான் பையில் வைத்துக்கொண்டேன். ஒத்திகை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். பஸ் போன பிறகுதான் உங்களிடம் கொடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். பதினோரு நாட்களில் அன்றுதான் அவர் கண் ஒரு மனிதர் மேல் நிலைத்தது. பிறகு கையை ஓங்கிப் பளாரென்று என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். தறி அடித்த கை. அடித்த வேகத்தில் அவருடைய ஒட்டுமீசை பிய்ந்து ஒரு பக்கம் தொங்கியது. இன்னும் ஒன்று அடிக்கப் போனவர், கை பாதியிலேயே நின்று, "அக்கா!" என்று ஒரே ஓலமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார், அப்படி அழுதார். அக்கம்பக்கத்தார் எல்லாம் ஓடி வந்தார்கள். கயிற்றைப் போட்டுவிட்டு மாமா வந்து அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு சார் இத சொன்னீங்க?" என்று மாமா என்னைக் கேட்டார். கன்னம் எரிந்தது. பிறகு அக்காவின் கல்லறைக்கு மாமா என்னையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார். இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.

மறுநாள் காலை நான் புறப்படும்போது சவரிமுத்து சார் அவசர அவசரமாக எதையோ தேடினார். காகிதம். மாமாவின் மகள் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தாள். அதை முழங்கால் மேல் வைத்து எழுதி, என்னிடம் கொடுத்தார்.

"ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்துருங்க சார்" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். நாம் எல்லோரும் எழுதுகிற அதே விடுப்புக் கடிதம்தான். "ஐயா, என் அக்கா இறந்துவிட்டபடியால் எனக்குப் பத்து நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." இறந்துவிட்டபடியால் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் அழுத்தியிருந்தது. பட்டப்பகலில், பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, எனக்கு அழுகை வந்தது.

ஹெட்மாஸ்டர் மேசையில் வெள்ளைத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரைப் பற்றியும் எழுதத்தான் என்று நினைக்கிறேன். நான் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முறை படித்தார். அப்புறம் இன்னொரு முறை, மெதுவாக.

"தெளிவாத்தானே எழுதியிருக்காரு" என்றார்.

வெள்ளைத் தாள்களை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"பத்து நாள் எப்படிய்யா பத்தும்? பதினைஞ்சுன்னு போடறேன்."